சனிக்கு வளையம் வரவில்லை

கிருஷ்ணகுமாருக்குச் சம்பளமே குறை கண்டுபிடிப்பதற்குத்தான். மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவு. பிறர் எழுதியதில் ஓட்டை தேடிப் புகார் பதிவதில் மனிதர் புலி. கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து சைனிக்புரியில் ஃபிளாட் வாங்கியபோது, ஒவ்வொரு சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்துக் கட்டியவரைக் கண்கலங்க வைத்தவர். அப்படிப்பட்டவர் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

வர்ஷினி அப்போது மூன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் சனிக் கோளின் படத்தைப் பார்த்துவிட்டு, "நெஜமாவே இப்படித்தான் இருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"அப்பா டெலஸ்கோப் வாங்கிக் காட்டறேன் கண்ணு. வளையத்தை நீயே பாத்துக்கலாம்."

அன்றே ஆராய்ச்சி தொடங்கியது. தொடங்கியதுதான், முடியவில்லை. ஒன்றில் லென்ஸ் பிரமாதம், முக்காலி ஆடியது. இன்னொன்றில் முக்காலி உறுதி, மாடிக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். தானாகவே கோளைத் தேடிப் பிடிக்கும் ஒன்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கனடாவில் யாரோ ஒருவர், குளிரில் பேட்டரி நின்றுபோனதாக எழுதியிருந்தார். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் உட்கார்ந்துகொண்டு கிருஷ்ணகுமார் கனடாக் குளிருக்குப் பயந்தார். அதுவும் போயிற்று.

"ஏனுங்க, ஒரு பைனாகுலராவது வாங்கலாமே. நிலாவையாவது பாப்போம்," என்றாள் மனைவி மைதிலி.

"கை நடுங்கும்," என்றார்.

வாங்கவில்லையே தவிர, குடியிருப்பில் யார் டெலஸ்கோப் என்று வாயைத் திறந்தாலும் பிடித்துக்கொள்வார். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாரா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. மூன்றாம் மாடியில் இருக்கும் பள்ளி ஆசிரியை நஸ்ரின் ஒருநாள், முதன்முதலாக வாங்க எது நல்லது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். லிஃப்ட் வந்தது, போயிற்று, மறுபடியும் வந்தது. கடைசியில் ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது என்று அடித்துச் சொன்னார் கிருஷ்ணகுமார்.

"அந்தச் சின்னது நக்கோ மேடம். அது பொம்மை."

"ஹவ், ஹவ்," என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டு நஸ்ரின் தப்பித்துப் போனார்.

வர்ஷினி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். டெலஸ்கோப் எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டாள். அதுதான் அவரைச் சுட்டது. மனிதருக்கு மகள்மேல் உயிர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. 2025 நவம்பரில் துணிந்து பெரிதாக ஒன்றை வாங்கினார். மாலை இருட்டியதும் மொட்டை மாடியில் நிறுத்தி, மகளைக் கூப்பிடும் முன் தான் ஒரு முறை சோதித்துப் பார்த்தார். வளையம் இல்லை. கோலிக்குண்டில் குண்டூசி குத்தியதுபோல ஒரு கோடு. துடைத்தார், திருகினார், வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். கோடுதான்.

நின்ற இடத்திலேயே விற்ற கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். "எதிர்பார்த்தது: வளையம். கிடைத்தது: கோடு. தீவிரம்: மிக அதிகம்."

மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். கருவியில் பழுதில்லை சார், பதினைந்து வருடத்துக்கு ஒரு தடவை சனி தன் வளையத்தின் விளிம்பை மட்டும் நமக்குக் காட்டும், இது அந்த வருடம் என்றாள். சில வருடம் முன்னால் வாங்கியிருந்தால் அகலமாகத் தெரிந்திருக்கும், மறுபடி அப்படிப் பார்க்க இன்னும் சில வருடம் ஆகும் என்றும் சொன்னாள்.

சனியின் மேல் புகார் பதிய வழியில்லை. கிருஷ்ணகுமார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"லைட் தீஸ்கோப்பா," என்றாள் வர்ஷினி. விட்டுத் தள்ளுங்கள் என்பதை அவள் தெலுங்கில்தான் சொல்வாள். "நான் எப்பவோ பாத்துட்டேன். ஆறாவது படிக்கறப்ப. நஸ்ரின் ஆன்ட்டி மொட்டை மாடியில காட்டினாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த டெலஸ்கோப்?"

"நீங்க பொம்மைன்னு சொன்னீங்களே, அந்தச் சின்னது."

"அதுல வளையம் சரியாவே தெரியாதே. முக்காலி ஆடுமே."

"ஆடுச்சு. நின்னதும் தெரிஞ்சுது. சூப்பரா இருந்துச்சு." வர்ஷினி கொஞ்சம் தயங்கினாள். "உங்களைக் கூப்பிடத்தான் கீழ ஓடி வந்தேன். டெலஸ்கோப் ரிவ்யூ படிச்சிட்டிருந்தீங்க. அஞ்சு நிமிஷம் பொறு கண்ணுன்னீங்க."