டிராயரில் இருந்த ஹேண்டில்

போன மாதம் பெரம்பலூர் கல்லூரியிலிருந்து நான்கு மாணவிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய இரும்புகளைப் படம் எடுக்க வேண்டுமாம். அன்று காலையிலேயே தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். முப்பது வருடம் நிருபராக ஊராரை எல்லாம் கேள்வி கேட்டவன். பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

ஏர்க்கொழு, மாடு பூட்டிக் கவலை இறைத்த இரும்புச் சால், கடலை உரிக்கும் கை மெஷின், வண்டிக் கடையாணிகள், மூடி இல்லாத பித்தளை மருந்து ஸ்பிரேயர், ஒரு டப்பா நிறைய மாட்டு லாடம். எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டார்கள். அதில் கண்ணாடி போட்ட பெண் கேட்டாள்: "சார், இதுல ஃபர்ஸ்ட் சேர்த்தது எது?"

நான் அந்தக் கவலைச் சாலைக் காட்டினேன். பொய். முதலில் வந்தது கொட்டகையிலேயே இல்லை. பழைய வேட்டியில் சுற்றி என் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. டீசல் இஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டில்.

அந்தப் பெண்ணிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் பழம்பொருள் பிரியன் இல்லை. அந்தக் கொட்டகை முழுவதும் கூச்சத்தால் நிறைந்தது. பதினைந்து வருடமாக ஒரே ஒரு இஞ்சினைத் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைக்காரரை அரைமணி நேரம் குவியலைக் கிளறவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப எனக்கு வராது. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அப்படித்தான் லாடம் டப்பா நிறைந்தது.

துறையூர் சாலையில் இருக்கும் கடைக்காரப் பாய்க்கு என்னைப் பார்த்தாலே உற்சாகம்.

"வாங்க ரிப்போர்ட்டரே. போன தடவ எடுத்துட்டுப் போன லாடத்துக்கு மாடு கெடச்சிச்சா?"

"இன்னும் இல்ல பாய். இஞ்சின் ஏதாச்சும் வந்துச்சா?"

"நிக்காஹ்வுக்குப் பொண்ணு தேடுறவன்கூட இப்புடி அலைய மாட்டான். எல்லாத்தையும் ஒடச்சி லோடு ஏத்தியாச்சி. அந்த மூலையில ஒண்ணு கெடக்கு, பாருங்க."

மூலையில் கிடந்ததன் மேல் மழைக்கு ஒரு சாக்கைப் போட்டிருந்தார்கள். சாக்கைத் தூக்கினால் போதும். நனைந்த சணலும் டீசலும் துருவும் கலந்த வாடை வந்தால் எனக்கு எங்கள் ஊர் பாடாலூர்க் கிணறு நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் கிணறு பாறைக் கிணறு. தண்ணீர் இறங்க இறங்க இஞ்சினையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். கடைசியில் அது தரையிலிருந்து பன்னிரண்டு படிக்குக் கீழே, பக்கச் சுவரில் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தது. ஓடும்போது கிணறே தொண்டையைச் செருமுவதுபோல இருக்கும். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு ஒழுகினால் அடைக்கச் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். வெளிக்கிளம்பும் முதல் தண்ணீர் பச்சையாக, தொழுவ வாசனையோடு வரும்.

அப்பா இறந்தபிறகு நிலத்தை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டோம். மாடு, வண்டி, ஏணிகூடப் பிரிந்தது. கிணறும் இஞ்சினும் பிரியவில்லை. மூன்று நாள் அண்ணன் முறை, மூன்று நாள் என் முறை, ஏழாம் நாள் இஞ்சினுக்கு ஓய்வு. யார் முறையோ அவர் வீட்டு ஆணியில் ஹேண்டில் தொங்கும். ஹேண்டில் இல்லாமல் இஞ்சின் அசையாது என்பதால் பூட்டும் சாவியும் அதுதான். முறை மாறும் அன்று வாங்க வருகிறவர் வாசலில் நின்று "யாரு முறை?" என்பார். கொடுப்பவர் "ஒன்னோடது" என்று சொல்லிக் கையில் கொடுப்பார். எனக்கும் அண்ணனுக்கும் அது விளையாட்டு மாதிரி.

உண்மையில் என் முறையிலும் இஞ்சினை ஸ்டார்ட் செய்தவர் அண்ணன்தான். எனக்குப் பயம். சில நேரம் ஹேண்டில் திருப்பி உதைக்கும். "பேனா புடிக்கிற கை, பத்திரமா இருக்கட்டும்" என்று என்னை விலக்கிவிட்டு, ஒரு கையால் லீவரைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் நாலு சுற்றுச் சுற்றி, லீவரை விடுவார். எப்போது விடுகிறார் என்று நான் எத்தனையோ தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டதில்லை. ஹேண்டில் சரியாக உட்காருவதற்காக அதன் முனையிலும் இஞ்சின் ஷாஃப்டிலும் உளியால் ஒவ்வொரு கோடு வெட்டி வைத்திருந்தார். கோடும் கோடும் நேராக வர வேண்டும். நான் கடை கடையாகத் தேடியது அந்தக் கோட்டைத்தான்.

மழை பொய்த்த ஒரு வருடம். அண்ணன் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். நான் பஸ்ஸில் பெரம்பலூர் ஆபீசுக்குப் போய்வருகிறவன். அந்தப் போகம் என் வயலில் எதுவும் போடவில்லை. ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது, என் முறையில், அவருடைய பாத்திக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. களையெடுக்க வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு முறைண்ணே இன்னிக்கி?"

"ஒன்னோடதுதான்டா. ஒன் வயலு சும்மா கெடக்கு. காய் பெருக்குற நேரம், நாலு பாத்தி நனைச்சிக்கிறேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுக்காமயா இருக்கப் போற?"

அவர் சிரித்தார். வரப்பிலிருந்து ஒரு பெண், "எழுதிப் போட்டுறப் போறாரு, பாத்துங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இன்று எழுதிப் பார்த்தால் ஒரு பத்திகூடத் தேறாது. ஆனால் எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் காலை என் வீட்டு ஆணியிலிருந்து ஹேண்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆபீஸ் மேசையின் கீழ் டிராயரில் வைத்தேன். டிராயரைத் திறந்து மூடும்போதெல்லாம் அது உருண்டு மரத்தில் இடிக்கும். என் முறை முடிந்தது. அண்ணன் முறை தொடங்கியது. அப்போதும் அது டிராயரிலேயே இருந்தது.

அவர் முறையின் முதல் நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் மனைவியிடம் "ஆண்டில் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அவுங்க பையில பாத்தேன் மாமா" என்றிருக்கிறாள். அவர் திரும்பிப் போய்விட்டார். "மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே வாரம் நான் ஒரு செய்தி எழுதினேன். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயம் தண்ணீர் இல்லாமல் கருகுவதைப் பற்றி. மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்திக்குப் படத்தோடு வந்தது. அதை எழுதும்போது என் முழங்காலுக்கு நேராக அந்த டிராயர் இருந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு ஹேண்டிலை இரவல் வாங்கிக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார். முனை தேய்ந்த ஹேண்டில். பாதிச் சுற்றில் நழுவித் திருப்பி அடித்ததில் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பன்னிரண்டு படியையும் ஒற்றைக் கையோடு ஏறி வந்திருக்கிறார்.

எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. ஹேண்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டதற்கு அண்ணன் "படியில வழுக்கிட்டேம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையின் வாயைத் திறந்துவிட்டேன்.

"வெங்காயத்தப் பத்தி எழுதியிருந்தியே, படிச்சேன்டா. நல்லாருந்துச்சி" என்றார்.

குத்தலா, உண்மையாகவே சொன்னாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான் பையை மூடிக்கொண்டேன்.

எலும்பு கூடியது, மணிக்கட்டு நிமிரவில்லை. கையை எப்போதும் எதையோ பிடித்திருப்பதுபோல வளைத்தே வைத்திருப்பார். அந்த வருடமே என்னை அரியலூருக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு போய்விட்டேன். கல்யாணம் காதுகுத்தில் பார்த்துக்கொண்டால் "சாப்டியா?" என்பார். "சாப்ட்டேண்ணே" என்பேன். சில வருடம் கழித்துப் பாடாலூரில் பஸ் நின்றபோது டீக்கடைக்காரர் ஜன்னலருகே வந்து, "ஒங்க அண்ணன் போர் போட்டுட்டாரு தெரியுமா? இஞ்சினெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சி" என்றார்.

அன்றுதான் தேட ஆரம்பித்தேன். அந்த இஞ்சினைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஒரு டெம்போவில் ஏற்றி, அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் போதும், வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். கடைசியில் ஒரு தடவையாவது அதை நான் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும், அவர் பார்க்க வேண்டும். மனதில் இதை நூறு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

அரியலூர்ப் பக்கக் கடைகளில் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி படிந்திருக்கும். துருவைப் பார்க்கவே முதலில் துடைக்க வேண்டும். ஆலத்தியூர் பக்கம் ஒரு கடையில் என் ஹேண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றினேன். சக்கரம் அசைந்து உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. எடுத்துவிட்டு விரலால் ஷாஃப்டைத் தடவினேன். கோடு இல்லை. கடைக்காரர், "ஒங்களுதா சார்?" என்றார். இல்லை என்றேன். ஒரு கடையாணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் இறந்துபோனார். தூக்கத்திலேயே. கைகளை மார்பில் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. வலது கை படியவில்லை. கட்டுகிறவர், "யாராச்சும் இதப் புடிங்கப்பா" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். அந்த விரல்களுக்குள் ஒரு ஹேண்டிலின் பருமன் அளவுக்கு இடம் இருந்தது.

அதற்குப் பிறகும் கடைகளுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. எதற்கு என்று கேட்காதீர்கள்.

கல்லூரிப் பெண்கள் எடுத்த படங்கள் போன் போனாகச் சுற்றி அண்ணன் மகனுக்கும் போயிருக்கின்றன. போன வாரம் அண்ணி பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். கடலை மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் எதுக்குத் தம்பி?"

அப்போதுதான் வாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டிராயரிலிருந்து ஆலத்தியூர் வரை. நான் முடித்ததும் அண்ணி சால் மேல் உட்கார்ந்தார்.

"இஞ்சினையா தேடுனீங்க? அத எங்க வித்தாரு? கெணத்துக்குள்ள அதே மேடையிலதான் கெடந்துச்சி. எத்தினியோ பேரு வந்து கேட்டாங்க. பாதி தம்பியோடது, அவன் வராம எப்புடிக் குடுக்குறதுன்னுட்டாரு. அப்புறம் ஒரு மழையில கெணத்துப் பக்கச் சொவரு சரிஞ்சி, இஞ்சினையும் சேத்து மூடிருச்சி."

இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு வரி எழுதாதீர்கள் என்று புதிதாகச் சேர்ந்த நிருபர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பிப் பதினைந்து வருடம் அலைந்திருக்கிறேன். கிணற்றங்கரைக்குப் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"அவரு இஞ்சினக் கேக்கல தம்பி. ஆண்டிலத்தான் எதிர்பாத்தாரு. என் முறையின்னு தெரியும்ல, கொண்டாந்து குடுப்பான்னாரு. அந்த ஆணியில ஒரு காலண்டர மாட்டக்கூட என்னைய வுடல."

மறுநாள் வேட்டியோடு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு பாடாலூருக்குப் போனேன். கிணறு இருந்த இடத்தில் நிலம் லேசாகப் பள்ளமாக இருக்கிறது, அவ்வளவுதான். சுற்றிலும் மக்காச்சோளம். அண்ணன் மகன் வீட்டில் கட்டிலில் படுத்தபடியே போனில் மோட்டாரைப் போடுகிறான். போர் சத்தமே போடுவதில்லை. ஒரு காலத்தில் விடிந்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பத்து இஞ்சின் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். சத்தத்தை வைத்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். நான் நின்ற நேரத்தில் சோளத் தாள் உரசுவதுதான் கேட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவுக்கு வலப்புறம், ஆள் உயரத்தில் அந்த ஆணி இருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் ஹேண்டில் உரசிய கறுப்புத் தடம் அப்படியே இருந்தது. பல தடவை வெள்ளையடித்திருக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருக்கிறார்கள்.

கேட்டுத்தான் வாங்க வேண்டும், சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கேட்கிறவர் இல்லாத வீட்டில் அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒன்னோடதுண்ணே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டினேன்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கனமாச்சே தம்பி. ஆணி தாங்குமா?"

தாங்கியது.