காக்கை வன்னியன் வேடம் கட்டிய எங்கள் அண்ணை

சுன்னாகத்துக்கு அருகே ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் எங்கள் அண்ணை மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமானபோது அவருக்கு மீசை முளைத்திருக்கவில்லை. வெங்காயத் தோட்டத்தைத் தானே கொத்தி எங்களைக் கரைசேர்த்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் திருவிழாவில் வருடாவருடம் சங்கிலி மன்னன் நாடகம் நடக்கும். மன்னனாக வருபவர் ஊர்ச் சங்கத் தலைவர். மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன் வேடத்துக்கு ஒருவரும் முன்வருவதில்லை. அண்ணைதான் கட்டுவார். மறுநாள் சந்தையில், "காக்கை வாறார், கதையை நிப்பாட்டுங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். நான் கோபித்தால், "ஆரோ ஒருத்தன் காட்டிக்குடுத்தால்தானே பிள்ளை, அவர் மன்னர்" என்று சிரிப்பார்.

அவருக்குப் பிடித்தவன் எல்லாளன். கிழவனான பிறகும் ஆள் அனுப்பாமல், தானே யானையேறிச் சண்டைக்குப் போனவன் என்பார்.

ஷெல் விழுந்து ஊரே எழும்பி ஓடிய அன்று, நடக்கமாட்டாதவர்களைச் சங்கத்து உழவு இயந்திரத்தில் ஏற்றுவதாகப் பேச்சு. கோயிலடியில் காத்திருந்தோம். வந்தது. பின்னால் இழுத்த பெட்டி நிறையத் தலைவர் வீட்டு அலுமாரியும் கட்டிலும். அவற்றுக்கு மேலே தலைவர். அண்ணை கை காட்டி மறித்தார்.

"அடுத்த நடைக்கு ஏத்திறன்" என்று போனவர் திரும்பவில்லை.

அண்ணை நெஞ்சு வருத்தக்காரர். இருந்தும் நடக்கமாட்டாத என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மற்றவர்களை முன்னே விட்டு, கடைசி ஆளாக மானிப்பாய் வரைக்கும் உருட்டி வந்தார். அந்த நெஞ்சு பிறகு தேறவில்லை.

ஊர் திரும்பியதும், சனத்தைக் காப்பாற்றியவர் என்று தலைவருக்கு மாலை போட்டார்கள். அண்ணையும் கை தட்டினார். நான் வீட்டில் கொதித்தேன்.

"விடு பிள்ளை, ஊர் ரெண்டுபடும்."

அவர் இருந்தமட்டும் வாயைக் கட்டினேன். சென்ற மாதம் அவர் கண்மூடிவிட்டார்.

தலைவர் மாலையோடு எடுத்த படத்தையும் அனுதாபச் செய்தியையும் ஒரு ஆளிடம் குடுத்தனுப்பி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலரின் முதற் பக்கத்தைக் கேட்டிருந்தார். அந்த முதற் பக்கம்தான் இது. "மாமி, வில்லங்கம் வருமே?" என்றான் அண்ணையின் மகன். வரட்டும் என்றேன். அந்தியேட்டியில் தலைவர் முன் வரிசையில்தான் இருப்பார். அங்கேயே இருந்து வாசிக்கட்டும். நான் மன்னிக்கவில்லை.

வழியில் தண்ணீர் தந்தவர்களுக்கும், நோயில் பார்த்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தலைவரின் படம் கசங்காமல் என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்பாமல், தானே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

தங்கச்சி