கணினிக்குத் தெரியாத பலகை

தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு அந்த வருட மழையில் ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மஸ்கெலியாவுக்கு மேலே, நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அதிகாரிகள் குடை பிடித்தபடி வந்து பிளவைப் படம் எடுத்தார்கள். மழை வலுத்தால் எல்லோரும் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். முந்தின வருடமும் அப்படிப் பத்து நாள் பாடசாலையில் தங்கியிருந்தோம். வகுப்பறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம், பெரிய சட்டியில் ஆக்கிய சோற்றை லயமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்குப் பத்து வயது. அதைவிட நல்ல திருவிழாவை நான் பார்த்ததில்லை.

அக்கா அப்போது உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலையிலிருந்து சின்ன நீலப் பலகை ஒன்றை முட்டை கொண்டுவருவது போலத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். அதோடு இரண்டு கம்பிக்கால் உள்ள ஒரு கருவி, பொத்தான் அளவில் ஓர் ஒலிப்பான். கம்பியை மண்ணில் குத்தி வைத்தால், மண் அளவுக்கு மிஞ்சி ஊறியதும் பலகை ஒலிப்பானைச் சத்தம் போட வைக்குமாம். திங்கட்கிழமை ஹட்டனில் நடக்கும் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும்.

"சத்தம் போட்டா நம்ம ஸ்கூலுக்குப் போயிரணுமாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா, ஒடனே போயிரணும்."

அந்த நிமிடமே நான் பலகையின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில், கொழும்பில் லொறி ஓட்டும் மாமா தந்திருந்த பழைய கணினியை அக்கா திறந்தாள். பலகையை வயரால் அதில் இணைத்ததும் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கைதட்டினேன். கணினியோ ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அக்கா வயரைப் பிடுங்கினாள், வேறு துளையில் செருகினாள், பலகையைத் திருப்பிப் பார்த்தாள். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

பஸ் பிடித்து டவுனுக்குப் போனோம். போன் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், வயரை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது சார்ஜ் ஏத்துற வயரு புள்ள. கரண்டு போகும், தகவல் போகாது. இந்த வயரக் கொண்டு போங்க, வேல முடிஞ்சதும் திருப்பித் தாங்க."

அவருடைய வயரில் இணைத்ததும் கணினி 'டுங்' என்றது. ஆனால் கணினி காட்டிய பட்டியலில் பலகையின் பெயர் இல்லை. மஞ்சள் முக்கோணம் ஒன்றும், தெரியாத சாதனம் என்ற குறிப்பும்தான் இருந்தன.

"டிரைவர் இல்லடி, அதான்" என்றாள் அக்கா.

"மாமாவக் கூப்பிடுவோமா?"

அன்று அப்போதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "இது ஆளு இல்லடி, ஒரு புரோகிராம். சிங்களம் தெரியாம கவர்மெண்டு கந்தோர்ல போய் நிக்கிறோமே, அந்த மாதிரி நிக்குது இது. இது பேசுறத கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க ஒண்ணு வேணும்."

எந்த டிரைவர் என்று தெரிய, பலகையில் இருந்த கறுப்புச் சிப்பின் பெயர் வேண்டும். எழுத்துகள் எறும்பின் காலை விடச் சிறியவை. அக்காவின் கண்ணாடிக்குள் அவை அகப்படவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நான்தான் வாசித்தேன். "சி, எச், மூணு, நாலு, சைபர்." அதை அவள் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலை உச்சியில், முனியாண்டி கோயில் பாறையில்தான் கிடைக்கும். டிரைவரை இணையத்திலிருந்து இறக்க, போனை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினோம். பாறையில் உட்கார்ந்தபோது கீழேயிருந்து பனிமூட்டம் எழுந்து வந்தது. முதலில் நீர்த்தேக்கம் மறைந்தது, பிறகு லயக் கூரைகள், பிறகு எங்கள் கால்கள். உலகத்தில் அக்காவும் நானும், அவள் கையில் மெல்ல நிரம்பும் ஒரு பச்சைக் கோடும்தான் மிச்சம். கோடு பாதியில் நின்றது. அக்கா போனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, மூச்சுவிடாமல் நின்றாள். வெள்ளைக்குள் எங்கோ ஒரு மணி கேட்டது. கோடு மறுபடி நகர்ந்தது.

கீழே வந்து கணினியில் ஏற்றினோம். ஏற்றியாகிவிட்டது என்றது கணினி. மஞ்சள் முக்கோணம் போகவில்லை. அக்கா பலகையைக் கழற்றினாள், கணினியை முழுதாக நிறுத்தினாள், திரும்பவும் போட்டு, வயரைச் செருகினாள். இந்தத் தடவை முக்கோணம் இல்லை. அந்த இடத்தில், நான் வாசித்த அதே எழுத்துகள், பக்கத்தில், எந்த வழியில் அதோடு பேசலாம் என்று காட்டும் ஐந்தாம் எண். அக்கா தன் புரோகிராமில் அந்த எண்ணைத் தெரிந்தெடுத்து அழுத்தினாள். பலகையில் இரண்டு விளக்குகள் மின்மினிபோல மாறிமாறித் துடித்தன.

பால்மா டின்னில் மண் நிரப்பிக் கம்பியைக் குத்தித் தண்ணீர் ஊற்றினோம். 'கீ' என்று அது கத்தியதும் லயமே வந்து கூடிச் சிரித்தது. கொழுந்து பறித்துவிட்டு நனைந்துபோய் வந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மேடு சரிஞ்சு எறங்குறதுக்கு எவ்வளவு முந்திக் கத்தும்?"

அக்கா கம்பியை மண்ணிலிருந்து உருவினாள். "அது தெரியலம்மா."

ஹட்டனில் அக்காவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. பலகை பாடசாலைக்குச் சொந்தமானதால் செவ்வாய்க்கிழமையே அலுமாரிக்குள் போய்விட்டது. அந்த வருடம் மேடு இறங்கவில்லை. நாங்கள் பாடசாலைக்குப் போகவும் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

பலகை போன அன்று மாலை அம்மா எங்கள் பாய்களை இழுத்து வாசலோரம் போட்டாள். தன் பாயை மட்டும் மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, நாங்கள் அதுவரை படுத்திருந்த இடத்தில் விரித்தாள்.

"இங்க குளுருதும்மா" என்றேன்.

"குளுந்தா போத்திக்க" என்றாள்.

மழைக்காலம் முடியும்வரை அப்படியே படுத்தோம். கதவிடுக்கில் காற்று வந்தது. அம்மா கதகதப்பான இடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டாள் என்று ஒவ்வொரு நாளும் கோபித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.