வேட்டி மேல் ஒரு ரயில் நிலையம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. நேரம் சரியாக நினைவிருக்கிறது. அப்போதுதான் போனைப் பார்த்து, இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். பாப்பா இரண்டரைக்குத் தூங்கினால் நாலரைக்கு எழுவாள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கென்று கிடைப்பது. கூடத்தில் என் வீட்டுக்காரருடைய பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் பிளாக்ஸைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன ரயில் நிலையம் பாதி எழும்பியிருந்தது.

பிளாக்ஸ் என்றால், பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள்தான். எனக்கு நாற்பத்து நான்கு வயது. கப்பலூரில் பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பல வருடங்களுக்கு முன்னால், சொந்தக்காரர் வீட்டுப் பையனின் பிறந்தநாளுக்கு என்று ஒரு பெட்டி வாங்கினேன். வேலைப் பழக்கத்தில், அதிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து, அளவு பார்க்கிற கேலிப்பரில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரு மயிரிழை மாறவில்லை. நாள் முழுக்க வாய் கோணிய மூடிகளைப் பொறுக்கிப் போடுகிறவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் பெட்டியை நானே வைத்துக்கொண்டேன்.

அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் வரை பிறக்கவில்லை. ஷேர் ஆட்டோ, கோபுரம், ஏர்போர்ட் பக்கம் வீட்டு மாடிக்கு மேலேயே இறங்குகிற விமானம் என்று நான் கட்டியதெல்லாம் அலமாரியில் வரிசையாக நின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு காபி நன்றாக இருக்கிறது என்பார்கள். என் நாத்தனார் மட்டும் அப்படிப் பேச்சை மாற்றுகிற ஆள் இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறாள், என்னைவிட நாலு வயது சின்னவள். ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னாள்: “எங்க மதினி வீட்ல எல்லாம் இருக்கு. வெளையாட்டுச் சாமானுக்குக் கூட கொறச்சல் இல்ல.” இலையில் இருந்ததை நான் முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு ரொம்ப நாள் போகவில்லை.

பாப்பா பிறந்ததும் எல்லாவற்றையும் இறக்கி டப்பாக்களில் போட்டு ஸ்லாப்பில் ஏற்றிவிட்டேன். நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். அவள் தூங்கும்போது மட்டும். வேட்டி மேல் மட்டும். எழுந்திருக்கிற சத்தம் கேட்டால் நாலு முனையையும் சேர்த்து முடிந்து மேலே வைத்துவிட வேண்டும். ஒன்று கூடத் தரைக்குப் போகக் கூடாது. ஒன்றே முக்கால் வருடம் இது ஒருமுறையும் தவறவில்லை. தவறாததால்தான் எனக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

கரண்ட் போன சில நிமிடத்தில் தூறல் விழுந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் முடி வெட்டப் போயிருந்தார். பாப்பா தூங்குகிறாளே என்று வேட்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன். ஃபேன் நின்றால் அவள் வேர்த்து எழுந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துணியோடு இறங்கி வந்தபோது வேட்டியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருமிக்கொண்டிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர். தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினேன், வாயில் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. சட்டென்று இருமல் நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்துத் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். அவளை இடுப்பில் வைத்தபடியே, பழக்கத்தில், வேட்டியின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து கட்டில் மேல் வைத்தேன். பிள்ளை மூச்சுத் திணறி முடித்த மறுநிமிடம் என் கை அதைச் செய்தது என்பதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சளி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. அந்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஐந்து மணிக்கு அவள் மூச்சு விடும்போது மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முடி வெட்டித் திரும்பியிருந்த வீட்டுக்காரர் அவள் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். உடனே வண்டிச் சாவியை எடுத்தார்.

பைபாஸ் ரோட்டில் மழைத் தண்ணீர். காளவாசல் சிக்னலில் பஸ்களுக்கு நடுவே நின்றபோது, மற்ற சத்தத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துக்கொண்டேன். காற்று படுகிறதா, படுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனேன்.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். பிளாக்ஸுக்கு நடுவில் அவள் இருமிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்றார். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். டாக்டர் அதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதுங்க. வலது பக்கம் காத்து கொஞ்சம் கம்மியாப் போகுது. சளியாவும் இருக்கலாம். சாமான் ஒண்ணு கொறையுதுன்னு உறுதியாச் சொன்னீங்கன்னா இன்னைக்கே மயக்கம் குடுத்து, குழாய் விட்டுப் பாத்துருவோம். இல்லன்னா காலை வரைக்கும் வச்சுப் பாக்கலாம். இம்புட்டுச் சின்னப் பிள்ளைக்கு மயக்கம் குடுக்குறதுன்னா, சும்மா சந்தேகத்துக்குச் செய்ய வேண்டாம்னு பாக்குறேன்.”

எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதுவும் குறைகிறதா என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லையே. எங்கள் வீட்டு இன்னொரு சாவி நாத்தனாரிடம் இருக்கும். வீட்டுக்காரர் அவளுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். கட்டில் மேல் ஒரு வேட்டி மூட்டை இருக்கும், பக்கத்தில் படம் போட்ட புத்தகம் இருக்கும், அதன் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டையின் படமும் கீழே எத்தனை என்ற எண்ணும் இருக்கும், ரொம்பச் சின்னதாக இருப்பவற்றை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல் என்றேன். கேலியாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். “சரி மதினி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு மேல் அவளே வந்து நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் துணிக்கடைக் கட்டைப்பை, அதற்குள் வேட்டி மூட்டை, புத்தகம், இரண்டு டப்பா. கரண்ட் இன்னும் வரவில்லையாம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னதை மட்டும் எண்ணினால் தப்பாகிவிடும் என்று பயந்து, கட்டியிருந்ததைக் கூடப் பிரித்து எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறாள். அதற்கு முன்னால் கூடத்தை ஈர்க்குமாற்றால் கூட்டி, கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு அடியில் எல்லாம் பார்த்திருக்கிறாள்.

“எல்லாம் சரியா இருக்கு மதினி. ஒண்ணு கூடக் கொறையல. நான் ரெண்டு தடவ எண்ணிட்டேன்.”

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் கூடச் சிரித்தார். எனக்கும் அழுகை வருகிற மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அது வந்துகொண்டிருக்கும்போதே வேறொன்று நினைவுக்கு வந்தது.

இந்தப் பெட்டிகளில் மிளகு அளவுக்கு இருக்கிற சின்னச் சாமான்களைப் பட்டியலில் போட்டதைவிட ஒன்று கூடுதலாக வைத்திருப்பார்கள். எடைபோட்டு அடைக்கும்போது குறைந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். பட்டியலில் அந்த ஒன்று வராது. கட்டி முடித்தவர்களுக்குத்தான் தெரியும், கடைசியில் சில சின்னச் சாமான் மிச்சம் நிற்கும். இத்தனை வருடத்தில் அந்த மிச்சம் இல்லாத பெட்டியை நான் பார்த்ததில்லை.

“சிக்னலுக்கு வைக்கிற சின்னச் சிவப்பு விளக்கு எத்தன இருந்துச்சு?”

“ஆறு. புத்தகத்துலயும் ஆறுதான்.”

“மத்த சின்னதெல்லாம்?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “அது ஒண்ணு ரெண்டு கூட இருந்துச்சு மதினி. மஞ்சள் ஒண்ணு, கண்ணாடி மாதிரி ஒண்ணு, சாம்பக் கலர்ல ஒண்ணு. வேற டப்பாவுல இருந்து விழுந்துருக்கும்னு தனியா எடுத்து வச்சேன். கொறையுதான்னுதான பாக்கச் சொன்ன.”

மற்றதிலெல்லாம் ஒன்று கூடுதல். சிவப்பில் மட்டும் சரியாக ஆறு.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வராந்தாவில் இருந்த எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் வாயைத் திறந்தால், பதினைந்து வருடம் காத்துப் பெற்ற பிள்ளையை, ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிய என் நம்பிக்கையை வைத்து, மயக்க மருந்துக்கு அனுப்புகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்றால்? வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பார்க்கவில்லை. அவர் பயந்துபோய்ப் பார்த்தார், அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. “உறுதியாத் தெரியுமா?” என்றார். நாத்தனார் இடையில் வந்தாள்.

“அண்ணே, இந்தச் சாமானப் பத்தி நம்ம வீட்ல வேற யாருக்குத் தெரியும்? மதினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போயி டாக்டர்கிட்ட சொல்லு.”

பட்டியலையும் மிச்சச் சாமான்களையும் டாக்டரின் மேஜையில் வைத்து விளக்கினேன். கம்பெனியில் தவறான மூடியைக் காட்டி முதலாளிக்கு விளக்குகிற அதே குரல் எனக்கு வந்தது. அவர் முழுவதும் கேட்டார். ஒரு விளக்கை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, வீட்டில் இருந்த பெரிய டாக்டரை வரச் சொன்னார்.

கதவுக்குள் கொண்டுபோகும்போது பாப்பா என் தாலிக் கயிற்றைப் பிடித்திருந்தாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போதும் இதை எழுதுகிறபோது இரண்டு தடவை எழுந்து போய் அவள் தூங்குகிற மூச்சைக் கேட்டுவிட்டு வந்தேன். அந்த வேட்டி மூட்டை நாத்தனார் வீட்டில் இருக்கிறது. கேட்கவும் தோன்றவில்லை, தூக்கிப் போடச் சொல்லவும் மனம் வரவில்லை.

வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் சேலையின் ஈரத்தைப் பிழிந்துவிட்டு, பிழிந்த கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. பச்சைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்ன டப்பா. அதை என் முன்னால் நீட்டினார்.

“இதுதானான்னு பாத்துச் சொல்லுங்க.”

சிவப்பு விளக்கேதான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“வலது பக்கம் கீழ போயி உக்காந்திருந்துச்சு. முழுசா வந்துருச்சு. முழிச்சுட்டா, அழுகுறா. குரல் ரெண்டு நாளைக்குக் கம்மலா இருக்கும், அதுக்குப் பயந்துறாதீங்க. அம்மா மட்டும் உள்ள வாங்க.”