தங்கச்சிக்கு ஆறின கை

எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே தோல். சின்னப்பிள்ளையில இருந்தே முழங்கை மடிப்பு, கழுத்து எல்லாம் கரப்பான், ஓயாத அரிப்பு. நகம் பட்டா ரத்தம் வந்துரும்னு ஒருத்திக்கு ஒருத்தி உள்ளங்கையாலதான் தேய்ச்சு விடுவோம். கல்யாணமாகி தாராவியில அடுத்தடுத்த சந்துல குடியிருந்தும் அந்தப் பழக்கம் விடல.

போன வருஷம் ஆஸ்பத்திரியில ஒரு புது ஊசியைச் சோதிச்சுப் பார்க்க ஆள் சேர்த்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தோம். சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கடைசி வரைக்கும் டாக்டருக்கே தெரியாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க.

கொஞ்ச நாள்லயே அவளுக்கு ஆறிட்டு. கை மட்டுமா, கழுத்தும்! குட்டைக்கை ஜாக்கெட் தைச்சுப் போட்டுக்கிட்டு, மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு என்னையும் இழுத்துட்டுப் போறா. முழுக்கை சுடிதாருக்குள்ள எனக்கு வயிறு எரிஞ்சுது. இருக்கட்டும், எனக்குப் போடுறது தண்ணிதான், இது முடியட்டும், நிஜ மருந்தைக் கேட்டு வாங்கிருவேன்னு அந்த ஒரே நம்பிக்கையில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இதுல ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்திரிச்சுச் சாட்சி சொல்லிட்டா. கர்த்தர் அவ தோலைப் புதுசாக்கிட்டாராம். சபையே "ஸ்தோத்திரம்"ங்குது. வெளியே வந்ததும் நான் விட்டேன் பாருங்க.

"ஏட்டி, ஆஸ்பத்திரி மருந்தைக் குத்திக்கிட்டு கர்த்தர் பேரைச் சொல்லுதியா? அப்போ நான் ஜெபம் பண்ணலியா?"

அவ முகம் சுருங்கிட்டு.

ஊசி எல்லாம் முடிஞ்ச பிறகு டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சு இந்தியில சொன்னாங்க. தங்கச்சிக்குப் போட்டது உப்புத்தண்ணியாம். சில பேருக்கு இப்படித் தானா ஆறுறதும் உண்டாம். எனக்குப் போட்டதுதான் மருந்து. எனக்கு அது கேக்கல, அவ்வளவுதான். இனி எதைக் கேட்டு வாங்க?

அடுத்த ஞாயித்துக்கிழமை சாட்சி நேரம் வந்துச்சு. இவ எந்திரிக்கப் போறா, வெறும் தண்ணியிலயே கர்த்தர் சுகமாக்கினார்னு சொல்லி என் மானத்தை வாங்கப் போறான்னு விறைச்சுப் போய் உட்கார்ந்திருந்தேன். அவ எந்திரிக்கல. என் சுடிதார் கையை மெதுவா மேல ஏத்திவிட்டு, உள்ளங்கையால தேய்க்க ஆரம்பிச்சா. அந்த வழவழன்னு இருந்த கையைத் தட்டிவிடணும்னு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஆனா அரிப்பு அடங்குதே, பாவி, நான் என்ன செய்ய? இன்னொரு கையையும் நீட்டினேன்.