ஒத்துக்கொண்டவர்

எங்கள் டிரைவர் அண்ணனின் லைசென்ஸ் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதி முத்திரை குத்தியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. பதினெட்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு அதை எழுதி முடிக்க, திண்டிவனம் கோர்ட்டில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எண்பதுகளில் விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எங்களுக்கு முன்னால் கிளம்பும் வேறு கம்பெனி வண்டியை முந்தினால்தான் கூட்டேரிப்பட்டில் நிற்கிற கூட்டம் எங்களுக்கு. முந்தாவிட்டால் முதலாளி எல்லார் எதிரிலும் திட்டுவார். முந்திப் போய் மாட்டிக்கொண்டால் அது டிரைவரின் தலையெழுத்து. அன்றைக்கு அண்ணன் நிதானமாகத்தான் வந்தார். நான்தான் முன்னால் போய், "எடுத்துடுண்ணே, அவன் ஆளெல்லாம் வாரிக்கினு போயிடுவான்" என்று சொல்லி விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன். எடுத்தார். எதிரே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது.

எங்கள் பஸ் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. என்ன கேஸ் போட்டாலும் டிரைவர் கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டுவிட வேண்டும். அபராதத்தைக் கம்பெனி கட்டும், மறுநாள் வண்டி எடுக்கலாம். ஹாரன் அடித்தது, ஆளைக் கூடுதலாக ஏற்றியது எல்லாம் அப்படித்தான் முடிந்தன. கோர்ட்டுக்குப் போன அன்றைக்கும் மேனேஜர், "ஒத்துக்கோப்பா, ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார். இந்தக் கேஸில் லைசென்ஸ் போகும் என்று சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை. வழக்கு நடந்தால் முந்தச் சொல்லி விரட்டியது யார் என்ற கேள்வி வந்திருக்குமே. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதும், அண்ணன் பழக்கதோஷத்தில் தலையாட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனவரைக் கம்பெனி சேர்க்கவில்லை. மை பட்ட லைசென்ஸை வேறு யாரும் தொடவும் இல்லை. ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார்.

"நீ சொல்லித்தான் எடுத்தேன்னு மொதலாளியாண்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா. சேத்துக்குவாரு."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுண்ணே" என்றேன்.

"சரிப்பா. வேலைய பாத்துக்கினு நல்லா இரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

இப்போதும் விபத்துச் செய்தியில் டிரைவரின் அஜாக்கிரதை என்றுதான் எழுதுகிறார்கள். சட்டம் அண்ணனை நிறுத்திவைத்தது ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை எந்த வண்டியும் ஓட்டவில்லை. நான் அதே பஸ்ஸில் இன்னும் ஒன்பது வருடம் டிக்கெட் கிழித்தேன்.