கவியரசன் பாணி

திருப்பத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் பெங்களூரு வந்த சிந்து, சேர்த்து வைத்த லீவையெல்லாம் கொட்டி ஒரு குறும்படம் எடுத்தாள். ஈஜிபுராவில் அவள் குடியிருந்த வாடகை வீடுதான் களம். அந்த வீட்டைக் காலி செய்யும் அக்கா தங்கையின் கதை. முகங்களை நேராகக் காட்டவே இல்லை, பின்கழுத்தும் காதோரமும்தான். டியூப்லைட்டின் வெளிர்பச்சை படம் முழுக்கப் படர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி இரைச்சலுக்குள்ளிருந்து ஒற்றை வயலின் மெல்ல எழும். அலுவலக நண்பன் கவியரசன் எடிட் செய்தான். எந்த விழாவும் அதை ஏற்கவில்லை. யூடியூபில் போட்டார்கள், தெரிந்தவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கவியரசன் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனான். நான்கு வருடம் கழித்து அவன் இயக்கிய முதல் படம் வந்தது. சிந்து சந்தோஷமாகத்தான் போனாள், அறைத்தோழி அனுஷாவையும் இழுத்துக்கொண்டு. இடைவேளைக்குள்ளேயே தன் குறும்படத்தைத் திரையில் கண்டுவிட்டாள். அதே பச்சை. அதே பின்கழுத்து. மிக்ஸிக்குப் பதில் தையல் மெஷின். அதற்குள்ளிருந்து அதே வயலின்.

"இந்த மாதிரி நம்மாளுங்க யாரும் எடுத்ததே இல்லடி," என்றாள் அனுஷா. சிந்துவின் படத்தை அவள் இரண்டு முறை பார்த்தவள்.

வீட்டுக்கு வந்ததும் சிந்து அவனுக்குப் போன் செய்தாள்.

"எல்லாம் நாம சேர்ந்து பாத்த படங்கள்லேர்ந்து வந்ததுதானே சிந்து," என்றான் அவன். "அந்தப் பச்சைய நீ எங்கேருந்து எடுத்த, சொல்லு?"

பச்சை ஒரு வெளிநாட்டுப் படத்திலிருந்து வந்ததுதான். அவளே அதை அவனுக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். ஆனால் மிக்ஸியும் வயலினும் யாரிடமிருந்தும் வந்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டான். பேட்டிகளில் இரான், தைவான் இயக்குநர்களையெல்லாம் குரு என்றான். ஈஜிபுராவைப் பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு அவள் சொந்தமாக ஒரு திரைக்கதை எழுதி, குறும்படத்தோடு ரிச்சர்ட்ஸ் டவுனில் தயாரிப்பாளர் கிருஷ்ணப்பாவிடம் கொண்டுபோனாள். அவர் முழுதாகப் பார்த்தார்.

"தும்ப சென்னாகிதேம்மா, நல்லாவே எடுத்திருக்கே. ஆனா கவியரசன் ஸ்டைல் ஆச்சே இது. காப்பின்னுடுவாங்க."

"அவர் படத்துக்கு நாலு வருஷம் முன்னாடி எடுத்தது சார்."

"இருக்கலாம்மா. தியேட்டர் வாசல்ல நின்னு வர்றவங்களுக்கெல்லாம் தேதி சொல்ல முடியுமா? சொல்ப, கொஞ்சமா மாத்திக்கோ, பண்ணலாம்."

மாற்றினாள். மஞ்சள் வெயில், நேருக்கு நேர் முகங்கள், ஓயாத மேளம். தன் கண் ஆசைப்பட்ட இடத்திலிருந்தெல்லாம் கேமராவை அவளே நகர்த்தச் சொன்னாள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. சொந்தப் பார்வை இல்லாத இயக்குநர் என்று விமர்சனங்களில் எழுதினார்கள்.

படத்துக்காக விட்ட பழைய கம்பெனியிலேயே அவள் மறுபடி சேர்ந்த பிறகு கவியரசனிடமிருந்து மெசேஜ் வந்தது. "படம் பாத்தேன். உன் பழைய ஸ்டைலை ஏன் விட்ட? அதுதானே நீ."

கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்தவள் அதை இரண்டு முறை படித்தாள். ஊரறியச் சொல்ல வேண்டியதை அவளிடம் மட்டும் சொல்கிறான், அதுவும் அறிவுரையாக. யாராவது சினிமாவுக்குக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் தலைவலி என்கிறாள்.